கத்தி படாத உடம்பு

சிராங்கூன் ரோடு டிராலி பஸ்ஸில் ஏறும் சீனக் கிழவிகள் வைரக்கண்ணுவை வங்காளி என்றே நினைத்தார்கள்; சீக்கியர்களுக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். மார்பைத் தொடும் தாடி, கண்டக்டர் தொப்பிக்குள் சுருட்டி அடக்கிய கூந்தல். சிங்காக இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்?

தமிழர்களுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"சாமி, தேக்காவுக்கு ஒரு டிக்கெட் குடுங்க. அப்படியே ஞாயித்துக்கிழமை எந்தக் குதிரை ஜெயிக்கும்னு கண்ண மூடிச் சொல்லுங்க" என்று கேலி செய்வார்கள். வைரக்கண்ணு சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழிப்பான். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதை யாரும் கேட்டதில்லை.

1957ஆம் ஆண்டு தைப்பூசம். காவடியை இறக்கி வைத்த கையோடு, தேங்க் ரோடு கோவிலில் அத்தனை பேர் நடுவில் அவன் கதறினான். "முருகா! எனக்கு ஒரு பிள்ளை பொறக்கிற வரைக்கும் இந்த உடம்புல கத்தி படாது!" மற்றவர்கள் முடி இறக்குவதாக வேண்டிக்கொள்வார்கள். அவன் ஆவேசத்தில் உடம்பு முழுவதையும் நேர்ந்துவிட்டான். அன்றிலிருந்து சவரக் கத்தி அவனைத் தொட்டதில்லை. நகத்தைக்கூடக் கல்லில் தேய்த்துத்தான் குறைத்தான். கம்பெனி இன்ஸ்பெக்டர் தாடியை எடுக்கச் சொன்னபோது, "சிங்குக்கு ஒரு சாமி இருக்கு, எனக்கு ஒரு சாமி இருக்குலா. என் தாடி யாருக்கு டிக்கெட் குடுக்காம இருக்கு?" என்று கேட்டான். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

கெர்பாவ் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியறையில் அவன், மனைவி செங்கமலம், தாய் பூவம்மா மூவரும் குடியிருந்தார்கள். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் விடும் பெருமூச்சு அந்தப் பக்கம் கேட்கும்.

செங்கமலத்துக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். அந்த ஆறு வருஷமும் அவள் குடித்த கஷாயங்களுக்குக் கணக்கில்லை. சஷ்டிக்குப் பட்டினி கிடந்தாள். மண்சோறு சாப்பிட்டாள். நாட்டு மருந்துக்கடைக்காரர் கொடுத்த உருண்டையைத் தின்று வயிறு புரண்டு மூன்று நாள் சுருண்டு கிடந்தாள். வைரக்கண்ணுவுக்கு ஒரு கஷாயமும் யாரும் கொடுக்கவில்லை. அவன்தான் தாடி வளர்க்கிறானே! ஆண்பிள்ளை அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?

ஆனால் அவன் உடம்பில் ஒரு கோளாறு இருக்கத்தான் செய்தது. காலையிலிருந்து ஆடும் பஸ்ஸில் நின்றபடி வேலை. சாயங்காலம் ஆனால் இடது பக்கம் விரையில் ஒரு கனம், கீழே இழுப்பதுபோல ஒரு வலி. வீட்டுக்கு வந்து மல்லாந்து படுத்தால் கொஞ்ச நேரத்தில் வலி போய்விடும். காவடி தூக்கியதால் வந்த குடலிறக்கம் என்று தானே முடிவு செய்து, லங்கோட்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய இடத்திலா வலி?

1961 பிறந்தது. பொறுத்துப் பார்த்த செங்கமலம் யாருக்கும் சொல்லாமல் ஒருநாள் லேடி டாக்டரைப் போய்ப் பார்த்தாள். பல சோதனைகளுக்குப் பிறகு அந்த அம்மாள் சொன்னது இரண்டே வாக்கியம். "உனக்கு ஒரு குறையும் இல்ல. உன் புருஷனைக் கூட்டிட்டு வா."

அவள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "ஏங்க, ஒருதரம் நீங்களும் டாக்டரைப் பார்த்தா என்னங்க?"

"எனக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கேன்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான் வைரக்கண்ணு.

பூவம்மாவின் காதில் விழுந்தது வேறொரு செய்தி. இனிமேல் ஒருவனுக்கு ஒரு மனைவிதான் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவரப் போகிறது என்று கடைத்தெரு முழுக்கப் பேச்சு. பலருக்கு அது நல்ல செய்தி. பூவம்மாவோ மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"டேய் கண்ணு, சட்டம் வந்துட்டா உனக்கு வேற வழியே இல்லடா. இந்த மலடியக் கட்டிக்கிட்டு உன் அப்பன் வம்சம் இதோட அத்துப் போகணுமா? செம்பவாங்ல நேவல் பேஸ்ல வேலை பார்க்கிறாரே தாமோதரம், அவரு பொண்ணு லட்சுமி இருக்கா. ஆனியில பரிசம் போட்டுருவோம். ஆடி கூடாது. ஆவணி பொறந்ததும் தாலி. சட்டம் செப்டம்பர்லதான் வருதாம்."

"அம்மா, அவ இருக்கும்போது..."

"இருக்கட்டுமே! நான் தொரத்தவா சொன்னேன்? ஒரு மூலையில ஆக்கிப் போட்டுக்கிட்டு இருக்கட்டும்."

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் செங்கமலம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீர் சத்தம் நின்றுவிட்டது. வைரக்கண்ணு அதைக் கேட்டான்.

அந்தச் சித்திரையில் ஒருநாள், பஸ் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது வலி தாங்க முடியாமல் அவன் கம்பியைப் பிடித்துக் குனிந்துவிட்டான். டிரைவர் அப்துல் முத்தலிப் கண்ணாடியில் பார்த்தார். டெப்போவில் வண்டியை விட்டதும் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"மச்சான், ரொம்ப நாளா பார்க்கிறேன். நொண்டுறே. என்னா விஷயம்?"

"ஒண்ணுமில்ல பாய்."

"ஒண்ணுமில்லாதவன் இப்படியா காலை அகட்டிக்கிட்டு நடப்பான்? வாத்து தோத்துடும். வா, நம்ம அலெக்சாண்டர் டாக்டர்கிட்ட போவோம்."

டாக்டர் அலெக்சாண்டர் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் கிளினிக் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவிலில் பூசைக்கு முன் வரிசையில் நிற்கும் சாந்தமான மனிதர். அவர் வைரக்கண்ணுவைப் படுக்க வைத்தும் பார்த்தார், நிற்க வைத்தும் பார்த்தார். நின்றபடி மூச்சை அடக்கி முக்கச் சொன்னார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆறு வருஷம் டாக்டர்."

"பிள்ளைங்க?"

வைரக்கண்ணு தாடியைத் தொட்டுக் காட்டினான். டாக்டர் புரிந்துகொண்டார். ஒரு சிறிய கண்ணாடிப் புட்டியைக் கொடுத்து, விந்தைச் சோதனை செய்ய வேண்டும் என்று சொன்னபோது, வைரக்கண்ணுவுக்குத் தரை பிளந்து விழுங்கிவிடாதா என்றிருந்தது. ஆனாலும் வலி அவனைப் பணிய வைத்தது. மறு வாரம் முடிவு வந்தது.

"பாருங்க, காலில் சில பேருக்கு நரம்பு சுருட்டிக்கிட்டு முண்டு முண்டா நிக்கும், பார்த்திருக்கீங்களா? அதே மாதிரி உங்களுக்கு விரைக்கு மேலே இருக்கு. தொட்டா ஒரு பையில மண்புழுவைப் போட்ட மாதிரி இருக்கும். மேலே போக வேண்டிய ரத்தம் போகாம அங்கேயே தேங்கி நிக்குது. தேங்கினா சூடு. விரை உடம்புக்கு வெளியே தொங்குறதே குளிர்ச்சியா இருக்கத்தான். சூட்டுல உயிரணு சரியா உண்டாகாது, உண்டானதும் ஓடாது. உங்களுக்கு ரொம்பக் கம்மி. இருக்கிறதும் பாதி அசையல."

"அப்ப... பிள்ளை இல்லாததுக்கு..."

"இது எல்லாருக்கும் பிள்ளை இல்லாம பண்ணிடாது. நிறையப் பேர் இதோடயே நாலு பிள்ளை பெத்திருக்காங்க. உங்க மனைவிக்குக் குறையில்லன்னு ஒரு லேடி டாக்டர் சோதிச்சுச் சொல்லிட்டா, உங்க விஷயத்துல இதுதான் காரணமா இருக்கும்."

"மருந்து குடுங்க டாக்டர்."

"மருந்து இல்ல. அந்த லங்கோட்டை முதல்ல அவுத்துப் போடுங்க, அது சூட்டைக் கூட்டும். அடுத்தது ஆப்பரேஷன். அடிவயித்துக்குக் கீழே சின்னதா அறுத்து, கெட்டுப்போன நரம்பைக் கட்டிடுவாங்க. நல்ல ரத்தம் வேற வழியா மேலே போயிடும். சீமையில இப்போ நிறையப் பண்றாங்க. பண்ணினவங்கள்ல பல பேருக்குப் பிள்ளை பொறந்திருக்கு. எல்லாருக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். நம்ம பெரிய ஆஸ்பத்திரியில எனக்குத் தெரிஞ்ச சர்ஜன் இருக்கார்."

வைரக்கண்ணு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

"கத்தியா? என் உடம்புலயா? முடியாது டாக்டர். நான் சாமிக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பிள்ளை பிறக்கும்வரை கத்தி படாது என்று நேர்ந்தவனுக்கு, கத்தி பட்டால்தான் பிள்ளை என்று விதி எழுதிவிட்டது. வெளியே காத்திருந்த முத்தலிப்பிடம், "வாயுக் கோளாறுதான் பாய்" என்று பொய் சொல்லிவிட்டு அவன் நடந்தான்.

அந்த வாரமே பக்கத்து வீட்டில் ஒரு பெண்ணுக்கு வளைகாப்பு. சுமங்கலிகள் வரிசையாக வந்து வளையல் போட்டார்கள். செங்கமலமும் ஆசையோடு இரண்டு பச்சை வளையலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பூவம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீ போடாத. நல்ல காரியம் நடக்கிற இடம்."

அத்தனை பெண்களும் பார்த்தார்கள். செங்கமலம் வளையலைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு மாடிப்படியில் வந்து உட்கார்ந்தாள். வேலை முடிந்து வந்த வைரக்கண்ணு அவளைத் தாண்டித்தான் மேலே போனான். அவனுக்கு எல்லாம் தெரியும். டாக்டர் சொன்னது நெஞ்சில் பாறாங்கல்லாக உட்கார்ந்திருந்தது. 'சாமிக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த வாக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான் என்பதே உண்மை.

ஆனி மாதம் பரிசத்துக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் மத்தியானம், பூவம்மா வெற்றிலை பாக்கு வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது, செங்கமலம் தன் தகரப் பெட்டியில் புடவைகளை அடுக்கினாள்.

"எங்க போறே?"

"புக்கிட் பாத்தோக்குக்கு. அங்க கல்லுமலைக் குவாரியில எங்க அண்ணன் வேலை செய்யிறாரு. ஒரு வேளைச் சோறு போட மாட்டாரா? அந்தப் பொண்ணு வந்த பிறகு நான் இந்தத் தடுப்புக்குப் பின்னால படுத்துக் கேட்டுக்கிட்டு இருக்க முடியாதுங்க." பெட்டியை மூடினாள். "அங்கேயும் மலடின்னுதான் சொல்வாங்க. சொல்லட்டும். உங்க வாயால கேக்காம இருந்தாச் சரி."

வைரக்கண்ணு அப்படியே தரையில் உட்கார்ந்தான். இரண்டு மாதமாக அடைத்திருந்த மடை உடைந்தது.

"கமலா, நீ மலடி இல்ல. கோளாறு எங்கிட்டதான். டாக்டர் சொல்லிட்டாரு."

அவள் திரும்பவில்லை. "எப்போ போனீங்க?"

"சித்திரையில."

"வளைகாப்புக்கு முன்னாலயா, பின்னாலயா?"

அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். அதுவே பதிலாயிற்று. செங்கமலம் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"முன்னால. தெரிஞ்சுக்கிட்டே என்னைத் தாண்டிப் படியேறிப் போனீங்க."

"ஆப்பரேஷன் பண்ணணும்னாங்க. கத்தி... நான் நேர்ந்துக்கிட்டது உனக்குத் தெரியாதா?"

"தெரியும். காவடியில அத்தனை அலகு குத்துனப்போ பயப்படாத ஆளு நீங்க. உங்களுக்குக் கத்தியக் கண்டு பயமில்ல. உங்கம்மாகிட்ட, நான்தான் காரணம்னு சொல்லத்தான் பயம். முருகன் பேரை ஏன் இழுக்கிறீங்க?"

"நீயே அம்மாகிட்டச் சொல்லிடேன் கமலா..."

"நான் சொன்னா, போற போக்குல புருஷன் மேல பழியப் போடுறான்னு ஊரே காறித் துப்பும். இதை நீங்கதான் சொல்லணும். நாளைக்குப் பரிசத் தட்டு மாத்துறவரைக்கும் இருக்கேன். நீங்க பேசலன்னா, அந்தப் பொண்ணுக்கும் இதே கதிதாங்க. அவளும் ஆறு வருஷம் கழிச்சு மலடின்னு பேர் வாங்குவா. அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

மறுநாள் காலை தாமோதரம் செம்பவாங்கிலிருந்து உறவினர்களோடு வந்து இறங்கினார். பாய் விரித்தாயிற்று. தட்டில் வெற்றிலை, பழம், பட்டுப்புடவை. "மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்டார்கள். "கோவிலுக்குப் போயிருக்கான், இதோ வந்துருவான்" என்று பூவம்மா சமாளித்தாள். செங்கமலம் கதவோரம் தகரப் பெட்டியின் பக்கத்தில் நின்றாள்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவனைப் பார்த்து முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தாடி இல்லை. மீசை இல்லை. மொட்டைத் தலையில் சந்தனம். நாலு வருஷம் வெயில் காணாத கன்னமும் தாடையும் வெளுத்துக் கிடந்தன.

"அடப்பாவி!" என்று அலறினாள் பூவம்மா. "சாமி குத்தம் ஆயிடுச்சேடா! பிள்ளை பொறந்தா எடுக்க வேண்டியதை என்னைக்கு வந்து எடுத்திருக்கே?"

"அபசகுனமா இருக்கே" என்று தாமோதரம் எழப்போனார்.

"உட்காருங்க. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க." வைரக்கண்ணு வாசலை மறித்து நின்றான். "எனக்குப் பிள்ளை இல்லாததுக்கு இவ காரணமில்ல. நான்தான் காரணம். எனக்கு உள்ள நரம்பு சுருட்டிக் கிடக்கு. என் வித்துல பலம் இல்ல. டாக்டர் சோதிச்சுப் பார்த்துச் சொல்லிட்டாரு. ஆப்பரேஷன் பண்ணிக்கப் போறேன், அதான் முருகன்கிட்டச் சொல்லிட்டு முடிய எடுத்தேன். இதை மறைச்சு உங்க பொண்ணைக் கட்டினா, அவளையும் நாளைக்கு மலடின்னுதான் எங்கம்மா சொல்லும். இந்தத் தட்டை வாங்காமப் போயிடுங்க, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்."

ஒரு மூலையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "ஆம்பளை சொல்ற பேச்சா இது?" என்றது ஒரு குரல்.

"ஆம்பளைதான் சொல்லணும்" என்றான் வைரக்கண்ணு.

தாமோதரம் தட்டிலிருந்த தம் மகளுக்கான புடவையை எடுத்துப் பூவம்மாவின் பக்கம் நகர்த்தி வைத்தார். "நீங்க மறைச்சிருந்தா என் பொண்ணு வாழ்க்கை போயிருக்கும் தம்பி. நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பூவம்மா சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். மகனின் மானம் போனதற்கா, மருமகளுக்குச் செய்ததை நினைத்தா என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரிந்திருக்காது.

ஆடி மாதம் ஆப்பரேஷன் நடந்தது. ஒரு வாரம் படுக்கை, பிறகு கனம் தூக்கக் கூடாது என்ற உத்தரவு. வலி போனது. மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்தார்கள். புது உயிரணு உண்டாகி வர அத்தனை நாள் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முன்னைவிட எண்ணிக்கை கூடியிருந்தது. "இனிமே காத்திருக்கணும்" என்றார் அவர்.

காத்திருந்தார்கள். ஒரு தைப்பூசம் போனது, ஒரு தீபாவளி போனது. ஒன்றும் இல்லை. சட்டம் எப்போதோ வந்துவிட்டது. பூவம்மா மருமகளிடம் பேசுவதை நிறுத்தியிருந்தாள். திட்டுவதையும் நிறுத்தியிருந்தாள். வெட்கம் அவள் நாக்கைக் கட்டிவிட்டது. ஒருநாள் செங்கமலம் சோற்றை வாயில் வைத்ததும் குழாயடிக்கு ஓடிப்போய் வாந்தியெடுத்தாள். பூவம்மாதான் முதலில் எழுந்து போய் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள்.

"எத்தனை நாளாச்சு?" என்று கேட்டாள் பூவம்மா. ஒன்றரை வருஷத்தில் மருமகளிடம் கேட்ட முதல் கேள்வி.

"நாள் தள்ளிப் போயிருக்கு அத்தை."

அந்த வார்த்தையைக் கேட்டு அந்தக் கிழவி குழாயடியிலேயே உட்கார்ந்து மருமகளின் காலைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க அத்தை, யாராச்சும் பார்ப்பாங்க" என்று செங்கமலம் காலை இழுத்துக்கொண்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல இன்னும் காலம் வேண்டியிருந்தது. 1963 கடைசியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. வள்ளி என்று பெயர் வைத்தார்கள்.

பரிசத்தன்று அவன் பேசியது கெர்பாவ் ரோட்டோடு நிற்கவில்லை. சிரித்தவர்கள் சிரித்துப் பரப்பினார்கள். அதனால்தான் ஒரு விசித்திரம் நடக்க ஆரம்பித்தது. பஸ்ஸில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து ஆண்கள் தனியாக ஏறுவார்கள். எங்கே போக வேண்டும் என்று கேட்டால், "கடைசி ஸ்டாப்" என்பார்கள். இறங்க மாட்டார்கள். மெல்லக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அருகில் வந்து நிற்பார்கள்.

1965இல் ஒருநாள் அப்படி ஏறியவன், சலவைக் கஞ்சி மணக்கும் சட்டை போட்ட ஓர் இளைஞன். பெயர் சொல்லவில்லை.

"அண்ணே, ஒரு விஷயம்... எனக்கு இல்ல, எங்க கூட்டாளிக்கு."

"சொல்லுப்பா. உன் கூட்டாளிக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"மூணு. அவன் பொஞ்சாதிய வீட்டுல படுத்துறாங்க. லேடி டாக்டர் ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. அந்த ஆப்பரேஷன்... ரொம்ப வலிக்குமாண்ணே?"

"ஒரு வாரம் இழுக்கும், அவ்வளவுதான். ஆனா முதல்ல சோதிச்சுப் பார்க்கணும். எல்லாருக்கும் இந்தக் கோளாறே இருக்காது. வேற எதுவாவும் இருக்கலாம்."

"பண்ணினா கட்டாயம் பிள்ளை பொறக்குமா?"

"எனக்குப் பொறந்துச்சு. என் கூட அதே வார்டுல படுத்திருந்த சீனருக்கு இன்னும் பொறக்கல. அதை டாக்டரே சத்தியம் பண்ண மாட்டாருப்பா." வைரக்கண்ணு அவன் முகத்தைப் பார்த்தான். "ஆனா உன் கூட்டாளி டாக்டர்கிட்டப் போயிட்டு, வீட்டுல வாயத் திறந்து சொல்லணும். நான் ரெண்டு மாசம் சொல்லாம இருந்தேன். பிள்ளை பொறந்தும் அந்த ரெண்டு மாசத்தை அவ இன்னும் மறக்கல."

இளைஞன் தலையைக் குனிந்துகொண்டான். பஸ் பெரிய ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் நின்றது. ஒரு மலாய்க்காரம்மாள் குழந்தையோடு இறங்கினாள். இளைஞன் கம்பியை விடவில்லை. வைரக்கண்ணுவின் கை மணிக்கயிற்றில் இருந்தது. ஆனால் அவன் இழுக்கவில்லை.

"என்னா மச்சான், பஸ்ஸை இங்கேயே கட்டிப் போடப் போறியா?" என்று முன்னாலிருந்து முத்தலிப் சத்தம் போட்டார்.

"ஒரு நிமிஷம் பாய். ஒரு ஆள் இறங்கணும்."

இளைஞன் அவனை ஒருமுறை பார்த்தான். பிறகு படியில் காலை வைத்து மெதுவாக இறங்கினான். அவன் சாலையைக் கடந்து ஆஸ்பத்திரி வாசலுக்குள் நுழையும்வரை பார்த்திருந்துவிட்டு, வைரக்கண்ணு மணியை இழுத்தான்.